பதினோராவது ஆள்

பத்துப் பேர் ஏறலாம் என்று எழுதிய தோணியில் பதினொரு பேர் இருந்தால், அந்தப் பதினோராவது ஆள் யார்?

நான் தரம் மூன்றுக்குப் படிப்பிக்கிறேன். இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "கடைசியா வந்தவர்" என்பார்கள். அவர்களுக்குச் சரி போட்டுவிடுவேன். எனக்கு நானே அந்தச் சரியைப் போட ஒரு வருடமாக முயல்கிறேன், முடியவில்லை. கடைசியாக ஏறியவளா? ஏற்றியவரா? இடம் விட்டுக் கொடுத்தவளா? தோணிக்குள் ஒரு சைக்கிளும் ஒரு பெரிய அலுமினியப் பேசினும் இருந்தன. அவற்றையும் ஆளாகக் கணக்கெடுத்தால் நான் ஏறுவதற்கு முன்னமே கணக்குப் பிழையாகியிருந்ததா? இப்படி யோசிக்கும்போது கொஞ்சம் மூச்சு விடலாம் போல இருக்கும். அந்த மூச்சுக்காகத்தான் அப்படி யோசிக்கிறேன் என்பதும் உடனே விளங்கிவிடும்.

எங்கள் வீடு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கிறது. பாடசாலை மேற்கே, படுவான்கரையில். பாலத்தால் சுற்றிப் போனால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகும். துறையால் போனால் இருபது நிமிடம். துறையில் வழமையாக ஓடுவது பாதை. மிதவைகளுக்கு மேல் பலகை அடித்து, இயந்திரம் பூட்டிய பெரிய தட்டையான படகைத்தான் இங்கே பாதை என்போம். மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, மாப்பிள்ளை பெண் என்று எல்லாம் அதில் ஏறும். போன வருட மாரிக்குப் பிறகு அது பழுதாகிக் கரையில் கிடந்தது. திருத்தி முடியும்வரை ஒரு சின்னத் தோணி ஓடியது. இயந்திரம் பூட்டிய பைபர் தோணி. அதன் பக்கத்தில் வெள்ளைப் பெயின்றால் '10 பேர்' என்று எழுதியிருந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. ஆசிரியர் வந்தால் தோணிக்காரர் இல்லை என்று சொல்லமாட்டார். வரிசையில் யார் நின்றாலும் ஆசிரியருக்கு முதலிடம். தோணி நிறைந்திருந்தால் யாராவது எழும்பி விளிம்பில் இருந்துகொண்டு நடுப்பலகையைக் கொடுப்பார்கள். படிப்பிக்க வந்த பிள்ளை நனையக்கூடாது, பிந்தக்கூடாது. முதல் நியமனம் கிடைத்து அங்கே போன காலத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பிறகு எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

அந்தத் தோணியில் ஒவ்வொரு நாளும் என்னோடு வந்தவர் எங்கள் பாடசாலையின் கன்டீன் அக்கா. விடிய எழும்பி ரோல்ஸும் இடியப்பமும் சம்பலும் செய்து, பெரிய அலுமினியப் பேசினில் அடுக்கி, துணியால் மூடிக் கட்டிக்கொண்டு வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு பிள்ளைகள். வாய் ஓயாது.

தோணியில் உயிர்காப்பு அங்கிகள் ஆறு இருந்தன. முன்பக்கத்தில் ஓர் உரப் பைக்குள் போட்டுக் கயிற்றால் கட்டியிருக்கும். பரிசோதனைக்கு யாராவது வந்தால் பை அவிழும். மற்ற நாட்களில் நான் ஒருத்திதான் கேட்டு வாங்கிப் போடுவேன். மகள் பிறந்த பிறகு வந்த பயம் அது. வாவியிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. பெரியபிள்ளையானதும் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்றார்கள், போகவில்லை. சொல்வதைக் கேட்கிற பிள்ளை என்று என்னை எல்லோரும் புகழ்வார்கள்.

அந்த அங்கியில் மீன் நாற்றமும் பழைய வியர்வை நாற்றமும் அடிக்கும். கஞ்சி போட்டு மடித்த சேலை அதற்குள் கசங்கிவிடும். அதனால் வேறு எந்த ஆசிரியையும் அதைத் தொடுவதில்லை. கன்டீன் அக்கா என்னைப் பார்த்ததும் தொடங்குவார்.

"வந்திட்டா டீச்சர், ரோட்டுக் கூட்டுற ஆக்கள்ர சட்டையப் போட்டுக்கிட்டு."

"நக்கலடியாதீங்க அக்கா. நீங்களும் ஒண்டப் போடுங்க."

"எனக்கென்னத்துக்கு? இடுப்பளவுத் தண்ணி. விழுந்தா எழும்பி நடந்து போகலாம். பேசினத் தலையில வெச்சுக்கிட்டு நடப்பன், ரோல்ஸும் நனையாது."

தோணி முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். இடுப்பளவுத் தண்ணீர் என்பதை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை. கரையோரம் தோணி தட்டினால் ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளுவார்கள். சில நாட்களில் கன்டீன் அக்காவும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவார். நடுப்பலகையில் அங்கியோடு இருக்கும் என்னைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல். மருந்தைக் கொடுத்தால் துப்பினாள். என் தோளிலிருந்து இறங்கமாட்டேன் என்று அழுதாள். அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் ஓடி வந்தபோது வழமையைவிடப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. பாடசாலையில் வரவுப் பதிவேட்டில் ஏழரைக்குச் சிவப்புக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தியதாகக் கணக்கு. அந்த மாதம் மகளின் காய்ச்சல் வருத்தத்தால் இரண்டு தரம் கோட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். மூன்றாவது தரம் வைத்தால் அதிபர் கூப்பிட்டுக் கேட்பார். கேட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. மகளுக்குக் காய்ச்சல் சேர் என்று சொல்லியிருப்பேன். அவரும் பிள்ளை குட்டிக்காரர்.

நான் துறைக்கு வந்தபோது தோணி கரையை விட்டு ஒரு முழம் நகர்ந்திருந்தது. உள்ளே, வட்டை என்கிற வயல்வெளியில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போகும் ஆறு பேர், செத்த வீட்டுக்குப் போகும் புருசனும் பெண்சாதியும், சைக்கிளோடு ஒருவர், கன்டீன் அக்கா. தோணிக்காரரை விட்டுப் பத்துப் பேர். வாடைக் காற்று விடவில்லை. வாவி நிரம்பிக் கலங்கிக் கிடந்தது.

தோணிக்கார அண்ணன் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"டீச்சர், ஆள் சரி. இவங்கள விட்டிட்டு உடன திரும்பி வாறன். கொஞ்ச நேரந்தான், நில்லுங்க."

"அண்ணன், கோடு போட்டிருவாங்க."

"காத்துக் கடுமையாக் கிடக்கு டீச்சர்."

"இந்த மாசம் ரெண்டு தரம் பிந்திட்டன் அண்ணன். இண்டைக்கு மட்டும்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தோணியில் இருந்தவர்களைப் பார்த்தார். கன்டீன் அக்காதான் எழும்பினார்.

"ஏத்துங்க அண்ணன், டீச்சர் என்ன யானையா? சட்டைதான் பெருசு. நான் விளிம்பில இருக்கன்."

"சரி, ஏறுங்க" என்றார் தோணிக்காரர்.

அந்தக் கடைசி இரண்டு சொற்களை நினைவில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

வாவியில் பாதிக்கு மேல் போன பிறகு அலை விளிம்புக்கு மேலால் உள்ளே அடிக்கத் தொடங்கியது. ஒருவர் வெட்டிய பிளாஸ்டிக் கலனால் தண்ணீரை இறைத்தார். இன்னொரு அலை இயந்திரத்தின் மேல் விழுந்தது. அது இருமி நின்றுவிட்டது. தோணி பக்கவாட்டில் திரும்பிக் கண்டல் மரங்கள் நிற்கும் பக்கமாக இழுபட்டது. மரங்கள் கிட்டத்தில் தெரிந்தன. மரம் தெரிந்தால் தரை கிட்ட என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பாதைப் படகு திரும்புவதற்காக அந்த இடத்தில் முன்னொரு காலத்தில் கால்வாய் போல ஆழமாக வெட்டியிருந்தார்கள் என்பது தோணிக்காரருக்குத் தெரியும். அவர் இயந்திரத்தோடு குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாரம் கூடிப் போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

கன்டீன் அக்கா பாவாடையை அள்ளிச் செருகினார்.

"நீங்க இருங்க டீச்சர். நான் இறங்கித் தள்ளுறன்."

சொல்லிக்கொண்டே இறங்கினார். யாரும் தள்ளிவிடவில்லை, தோணி கவிழவில்லை. வீட்டு வாசற்படியிலிருந்து முற்றத்துக்குக் கால் வைப்பது போல இறங்கினார். கால் தரையைத் தேடியது. ஒரு கை விளிம்பைப் பிடித்திருந்தது. தோணி ஒருமுறை ஆடியது, கை விட்டுப்போனது. ஒரே ஒரு தடவை முகம் மேலே வந்தது. அந்த முகத்தில் பயம் இன்னும் வந்திருக்கவில்லை. தரை எங்கே என்று யோசிக்கிற முகம்தான் இருந்தது.

தோணிக்காரர் குதித்தார். வட்டை வேலைக்காரர் ஒருவரும் குதித்தார். நான் நடுப்பலகையில் இருந்தேன். என் மேல் அந்தச் செம்மஞ்சள் அங்கி. அதில் நெஞ்சில் பூட்டும் மூன்று கொளுவிகள். என் கை முதலாவது கொளுவிக்குப் போனது. அதைக் கழற்றி எறிந்திருந்தால் அக்கா பிடித்திருப்பாரா என்று தெரியாது. கை கொளுவியில் இருந்தபோது என் கண்ணுக்கு முன்னால் மகள் நின்றாள். கையை எடுத்துவிட்டேன். இதை யாரும் காணவில்லை. பைக்குள் இன்னும் ஐந்து அங்கிகள் இருந்தன. செத்த வீட்டுக்குப் போகும் அந்த மனிதர் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழும்போது தேவை முடிந்திருந்தது.

வெட்டிய கால்வாயின் சேற்றிலிருந்துதான் அக்காவைத் தூக்கினார்கள். பேசின் தோணிக்குள் அப்படியே இருந்தது. ரோல்ஸ் நனையவில்லை.

அன்று அதிபர் சிவப்புக் கோடு போடவில்லை. செய்தி கேட்டு அவரும் ஆசிரியர்களும் கரைக்கு ஓடி வந்துவிட்டார்கள். பதிவேடு மேசையில் திறந்தபடி கிடந்ததை அடுத்த கிழமை பார்த்தேன். அந்தத் தேதியில் என் பெயருக்கு நேரே வெறும் கட்டம்.

பொலிஸில் வாக்குமூலம் எடுத்தார்கள். என் கணவரும் கூட வந்திருந்தார். எழுதியவர் மரியாதையாகத்தான் கேட்டார். கதிரை தந்தார், குடிக்கத் தண்ணீர் தந்தார். டீச்சர் அல்லவா.

"தோணிக்காரர் ஏறச் சொன்னவரா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தலையை மிகச் சிறிதாக அசைத்தார்.

"ஓம். ஏறுங்க எண்டு சொன்னவர்."

'படகோட்டி என்னை ஏறச் சொன்னதால் நான் ஏறினேன்' என்று எழுதப்பட்டது. வாசித்துக் காட்டினார்கள். சரி என்று கையெழுத்து வைத்தேன். அந்த வசனத்தில் ஒரு சொல்லாவது பொய்யா என்று எத்தனையோ தரம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் 'ஏறுங்க' என்றார், நான் ஏறினேன். அதற்கு முன்னால் அவர் சொன்ன 'ஆள் சரி', 'நில்லுங்க', 'காத்துக் கடுமையாக் கிடக்கு' எதுவும் அதில் இல்லை. அவ்வளவுதான்.

கன்டீன் அக்காவின் செத்த வீட்டில் அவருடைய புருசன் என்னிடம் வந்தார்.

"டீச்சர், நீங்க பக்கத்தில இருந்த நீங்களாம். அவ கடைசியா என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லல்ல அண்ணன். எல்லாம் ஒரு நொடியில..."

'நீங்க இருங்க டீச்சர்' என்று சொன்னாள் உங்கள் பெண்சாதி என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி.

அதற்குப் பிறகு ஊர் கதைத்ததை எல்லாம் கேட்டேன். "ஆர் அவவ இறங்கச் சொன்ன? தன்ர வினைதான்." "சட்டையப் போட்டிருந்தா சாவாளா? டீச்சர் போட்டிருந்தவதானே, பாருங்க, தப்பிட்டா." பேஸ்புக்கில் என்னை உதாரணமாகக் காட்டி ஒருவர் எழுதியிருந்தார்: படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதானாம். நூற்றுக்கணக்கானோர் அதை விரும்பியிருந்தார்கள். என் கணவர் எனக்கு அதைக் காட்டினார், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

துறையில் ஒரு கூட்டமும் நடந்தது. புதிய அங்கிகள் கொடுத்தார்கள். வந்த அதிகாரி ஒருவர் தனிப்பட்ட பொறுப்பு என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களை வரிசையாக நிறுத்தி, அங்கி போட்டுப் படம் எடுத்தார்கள். முன்வரிசையில், நடுவில், நான். படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் கழற்றிக் கொடுத்தார்கள். பைக்குள் போட்டுக் கட்டினார்கள். அதே மாதிரிக் கட்டினார்கள்.

தோணிக்காரரைக் கூடுதலாக ஆள் ஏற்றியதற்கும் கவனயீனத்துக்கும் பிடித்தார்கள். சில கிழமைகள் உள்ளே இருந்துவிட்டுப் பிணையில் வந்தார். தோணி ஓட்டத் தடை. இப்போது தூண்டில் போட்டுப் பிழைக்கிறார். பாதை திருத்தப்பட்டு மறுபடி ஓடுகிறது. நான் அதில்தான் போகிறேன்.

அவருடைய மனைவியைப் போன மாதம் சந்தைப் பக்கம் கண்டேன். கண்டதும் ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை.

"டீச்சர், நீங்க எழுதினத லோயர் எங்களுக்கு வாசிச்சுக் காட்டினவர்."

"பொலிஸ்தான் எழுதினது, அக்கா."

"ஓம். கையெழுத்து உங்கடதானே." குரலை உயர்த்தவில்லை. மரக்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவர் உங்களக் கூப்பிட்டு ஏத்தினவரா எண்டு அவரிட்டயே கேட்டன். 'டீச்சர்ர பேரை இதுக்குள்ள இழுக்காத, அவ குழந்தைப் பிள்ளக்காரி' எண்டுதான் சொல்றார். ஒரு வருசமா அதத்தான் சொல்றார். அந்த மனுசனுக்குப் பைத்தியமா டீச்சர், இல்ல எனக்கா?"

நான் மகளுக்குப் பால்மா வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். வாங்கவும் செய்தேன்.

அவர் ஏன் சொல்லவில்லை? ஆசிரியரை மறுக்காத அதே வழக்கம்தான் இன்னும் அவரைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் வாயைத் திறந்து 'நான் மறித்தேன், டீச்சர்தான் கெஞ்சினா' என்று ஒரு தரம் சொன்னால், நானும் 'ஓம்' என்றுவிடுவேன் என்று என்னை நானே நம்பவைத்து வந்தேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். முதற் சொல்லையும் அவர் தலையிலேயே கட்டப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முன் வகுப்பில் நீர்ப் பாதுகாப்பு என்ற பாடம் வந்தது. தோணியில் போகும்போது செய்யவேண்டியவை பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னேன். ஒரு சின்னப் பிள்ளை, துறைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, அழகான எழுத்தில் எழுதியிருந்தாள்: 'பாரம் கூடினால் தோணியில் ஆள் ஏற்றக்கூடாது. டீச்சர் வந்தால் ஏற்றலாம்.'

குத்தலாக எழுதுகிற வயதில்லை அவளுக்கு. கண்டதை எழுதியிருக்கிறாள். சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டாவது வசனத்தைப் பார்த்தபடி இருந்தேன். பிழை என்று வெட்டவும் முடியவில்லை, சரி போடவும் முடியவில்லை. அந்தக் கொப்பி இன்னும் என் பையில் கிடக்கிறது. "டீச்சர், என்ட கொப்பி" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

இப்போது எனக்கு நீதிமன்ற அழைப்பாணை வந்திருக்கிறது. சாட்சிக் கூண்டில் என் வாக்குமூலத்தை நானே சொல்லவேண்டும். அது வந்த அன்று இரவே சாப்பாட்டுக்கு இருந்தபோது கணவரிடம் சொன்னேன், நடந்த முழுவதையும் சொல்லப் போகிறேன் என்று.

"எழுதினத மாத்தினா உன்னத்தான் பிடிப்பாங்க. முதல் சொன்னது பொய்யா எண்டு கேப்பாங்க. வேலைக்கு என்ன நடக்கும்? புள்ளைக்கு ஆர்?"

"சொல்லாட்டி அவருக்கு என்ன நடக்கும்?"

"அவர் ஏத்தாம விட்டிருக்கலாம்தானே. தோணி அவர்ட. பொறுப்பும் அவர்ட."

அதுவும் சரிதான். அதுதான் என்னைக் கொல்கிறது. அவர் மறுத்திருக்கலாம். கன்டீன் அக்கா இறங்காமல் இருந்திருக்கலாம். கால்வாய் வெட்டியவர்கள் அங்கே ஒரு கம்பாவது நட்டிருக்கலாம். முடிச்சைப் போட்டவர் போடாமல் விட்டிருக்கலாம். இவர்கள் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது என்று எண்ணி எண்ணி என் பங்கைச் சிறிதாக்கிக்கொண்டே வந்தேன். பத்துப் பேருக்குப் பிரித்தாலும் என் கையில் மிஞ்சுவது அந்த இரண்டு சொல்: 'இண்டைக்கு மட்டும்.'

மகளுக்கு இப்போது நாலு வயது. நேற்று என்னிடம் கேட்டாள், தோணியில் போக ஆசையாம். நீந்தப் பழகிய பிறகு போகலாம் என்றேன். பழக்குவது யார் என்று கேட்டாள்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எது சரி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் அதைத்தான் படிப்பிக்கிறேன். கையெழுத்து வைத்த ஒன்றைப் பிறகு எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று திருத்தியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எனக்கு எழுதுங்கள். வழக்குத் தவணைக்கு முன் தோணிக்காரரின் வீட்டுப் படியேறி அவரிடம் முதலில் சொல்லவேண்டுமா, நேரே நீதவானிடம் சொல்லவேண்டுமா? கன்டீன் அக்காவின் புருசனிடம் அக்காவின் கடைசிச் சொற்களை இப்போது கொண்டுபோய்க் கொடுப்பது அவருக்கு ஆறுதலா, எனக்கு ஆறுதலா? நீங்கள் திருத்திய பிறகு உங்கள் பிள்ளைகளை ஊரில் எப்படி நடத்தினார்கள்? எல்லாவற்றிலும் முக்கியமாக, வாயைத் திறந்ததும் முதலில் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். எனக்கு அந்த முதல் வசனம் வரவில்லை.